வாவிக்கரைப் பதில்கள்: மட்டக்களப்பைக் கீற வருகிறவர்களுக்கு

போன இதழில், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஒருவர் கேட்டதற்கு, ‘மட்டக்களப்புக்கு வாருங்கள், கமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள்’ என்று சும்மா இரண்டு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவன், அதிலும் கல்லடிக்காரன், ஆகவே ஊர்ப்பாசம் ஒள்ளுப்பம் தூக்கலாகத்தான் இருக்கும். அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

கேள்வி: சேர், நாங்கள் மூன்று பேர், வாட்டர் கலர் பழகிக்கொண்டிருக்கிறோம், பெரிய ஓவியர்கள் ஒன்றும் இல்லை. வெளிநாடுகளில் கடற்கரையோரமாகச் சின்னச் சின்னப் பழைய பட்டினங்கள் இருக்கின்றனவாம், ஓவியர்கள் போய் மாதக்கணக்கில் தங்கிக் கீறுவார்களாம். இங்கே காலிக் கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம், சனம் இடித்துக்கொண்டே இருந்தது, நிம்மதியாக இருந்து கீற முடியவில்லை. மட்டக்களப்பில் மூன்று நாள் நின்றால் என்னென்ன பார்க்கலாம்?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தங்கச்சி, ‘என்னென்ன பார்க்கலாம்’ என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தால் மூன்று நாளும் ஓட்டோவுக்குள்ளேயே முடிந்துவிடும். கோட்டை, வெளிச்சவீடு, மாமாங்கக் கோயில், பாசிக்குடா என்று ஓடித் திரிந்துவிட்டு, கொப்பியில் ஒரு படமும் இல்லாமல் ரயில் ஏறியவர்களை நான் கண்டிருக்கிறேன். பாசிக்குடா அழகான கடல்தான், யார் இல்லை என்றது? ஆனால் அங்கே கீறுவதற்கு இருப்பது ஒரே ஒரு கோடு, வானமும் கடலும் முட்டுகிற கோடு. அதற்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போய்வர வேண்டியதில்லை.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு எங்கே எந்த நேரம் இருக்கவேண்டும் என்பது தானாக விளங்கும். கிழக்கே கடல். அதையொட்டி ஒரு ஒடுங்கிய மணல் நிலம், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே கல்முனை வரைக்கும் போகிறது. அதற்கு மேற்கே வாவி, நீளம் 56 கிலோமீற்றர். வாவிக்கு அந்தப் பக்கம் வயலும் காடும். கடல் பக்கத்து நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர், மற்றப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவது இங்கே, படுவது அங்கே. எங்கள் ஆட்கள் ஊருக்கே வெளிச்சத்தை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், இதைவிட ஒரு ஓவியருக்கு வேறு என்ன வழிகாட்டி வேண்டும்? நகரத்தின் பழைய பாகமான புளியந்தீவு இந்த வாவிக்குள் இருக்கிற தீவு, பாலங்களால் கரையோடு தொடுத்திருக்கிறது. எந்தத் தெருவால் நடந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் தண்ணீரில் போய் முட்டும்.

முதல் நாள் வெள்ளாப்பில், அதாவது விடியுமுன்னே, பழைய கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், அப்போதைய ஆளுநர் மனிங் என்பவருடைய மனைவியின் பெயரை வைத்தார்கள், நாங்கள் ஒருபோதும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு கனரக வாகனமெல்லாம் அதிலே போக, பழையது நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. ஓரமாக இருந்துகொண்டு கீழே பாருங்கள். ஒரு தோணியில் வீச்சுவலைக்காரர் நிற்பார். வலையின் ஒரு மடிப்பை முழங்கையில் போட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஒரு இடத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பை ஒருதரம் பின்னுக்குத் திருப்பி, அப்படியே கிறுகி வீசுவார். பல்லை விடுகிற கணம் பிந்தினால் வலை வட்டமாக விரியாது, பல்லும் மிஞ்சாது. அந்தக் கிறுகலைத்தான் கீறவேண்டும், விரிந்த வலையை அல்ல. விரிந்த வலையைப் போட்டோக்காரர்கள் ஆயிரம் தரம் எடுத்துவிட்டார்கள். ஒருவரையே பார்த்துக்கொண்டிருங்கள், அதே அசைவு திரும்பத் திரும்ப வரும், பத்தாவது வீச்சில் உங்கள் கைக்குப் பிடிபடும்.

வாவியின் நிறம் நீலம் என்று நினைத்துப் பெட்டியில் நீலத்தைக் கரைத்து வைக்காதீர்கள். காலையில் அது தகரம்போல இருக்கும், பத்து மணிக்குப் பாசிப்பச்சை, மாரி வெள்ளம் வந்த நாட்களில் பால் விட்ட தேத்தண்ணி. நீலம் இருப்பது கடலில்தான், கல்லடிப் பக்கம் குறுக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்துவிடும்.

பத்தரைக்குப் பிறகு வெளியே இருக்கவேண்டாம். வெளிச்சம் தலைக்கு நேரே வந்து எல்லாவற்றையும் சப்பையாக்கிவிடும், உங்களுக்கும் தலையிடி வரும். அந்த நேரத்தில் புளியந்தீவுத் தெருக்களுக்குள் நுழையுங்கள், மரியன்னை பேராலயத்துக்குள் போய் இருங்கள், அல்லது நித்திரை கொள்ளுங்கள். மூன்றரைக்குப் பிறகு திரும்பக் கிளம்பலாம். இரண்டாம் நாள் மாலை கட்டாயம் படுவான்கரைக்குப் போங்கள். மண்முனையில் 2014இல் பாலம் போட்டுவிட்டார்கள், அதற்கு முதல் அங்கே ‘பாதை’ ஓடியது. வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் குழப்பம், பாதை என்றால் நாங்கள் வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையைச் சொல்கிறோம். தெற்கே குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போன அனுபவம் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, கலியாண வீட்டுச் சனம், எல்லாம் ஒரே பலகையில், யாரும் எங்கும் ஓட முடியாது, கீறுகிறவனுக்கு அதைவிட நல்ல மொடல் வகுப்பு கிடைக்காது.

மூன்றாம் நாளுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதல் இரண்டு நாளில் பிடித்த இடத்துக்கே திரும்பப் போங்கள்.

கேள்வி: மட்டக்களப்புக் கோட்டை சின்னது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், போக வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சின்னதுதான், ஐயா. ஆனால் அரை மணித்தியாலத்தில் முடிந்தது என்றால் உங்கள் நண்பர்கள் சுவரைப் பார்க்கவில்லை, பீரங்கியோடு நின்று படம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஒல்லாந்தக் கப்பல் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் வந்து இறங்கியது மட்டக்களப்பில்தான். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்துவிடுவார்களோ என்ற பயம் போர்த்துக்கேயருக்கு, 1628இல் புளியந்தீவில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கட்டிப் பத்து வருடம்தான், 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இலங்கையில் அவர்கள் கைக்குப் போன முதல் கோட்டை இதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், உள்ளே வந்தது, நெடுங்காலம் பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பிரச்சினைக்கும் சனம் ஏறி இறங்கின இடம் அது. எங்கள் அம்மாவுக்கு அது கோட்டை என்றே தெரியாது, ‘கச்சேரி’ என்றுதான் சொல்லுவா. அந்தத் தலைமுறை கல்வாசலில் இருந்த ஒல்லாந்தக் கம்பெனிச் சின்னத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை, கையில் கோப்போடு குனிந்துதான் போனது.

கீறுகிறவர்களுக்கு ஒரு யோசனை. உள்ளே நின்று கோட்டை முழுவதையும் கடதாசிக்குள் அடக்கப் பார்க்காதீர்கள், அது பெட்டி கீறினமாதிரி வரும். தண்ணீருக்கு மற்றப் பக்கம் போய் நின்று, சுவர் வாவியில் இறங்குகிற இடத்தைக் கீறுங்கள். உள்ளே போனால் ஒரு மூலை, ஒரு சுவர்த்துண்டு, அதில் ஊறிய கரும்பாசி, அவ்வளவு போதும். நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரே ஒரு கல்லைத்தான் கீறச் சொல்வேன். முதலில் முணுமுணுப்பார்கள். ஒரு மணித்தியாலம் போனபிறகு எழும்பச் சொன்னால் எழும்பமாட்டார்கள்.

பக்கத்தில், காந்திப் பூங்காவை அடுத்து வாவிக்கரையில், பழைய இறங்குதுறை வாசல் ஒன்று நிற்கிறது. 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய ஞாபகத்தோடு சேர்த்துப் பேசப்படுகிற இடம். அவர் அந்த வருடமே பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த வருடமே இங்கேயே இறந்தும் போனார். பள்ளிக்கூடம் 200 வருடத்தைத் தாண்டி மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுமாமே, அந்தப் பாடும் மீன் உண்மையா, சுற்றுலாக்காரருக்காகக் கட்டிவிட்ட கதையா?
(ஒரு மாணவன், மாத்தளை)

பதில்: சத்தம் உண்மை தம்பி. பாடுவது யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி ராத்திரியில் வாவிக்குள் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற நாதம்போல இருந்ததாம். அவரைக் கூட்டிக்கொண்டு போன மீனவர்கள் அது மீன் இல்லை, ஊரி, அதாவது சிப்பி வகை என்று சொன்னார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த அமெரிக்க யேசுசபைக் குருவானவர் லாங் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் யாழ் என்ற பழைய இசைக்கருவி பற்றி எழுதிய பெருநூலிலும் இந்த நீரரமகளிர், அதாவது தண்ணீர்த் தேவதைகள், பாட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார். இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்லமாட்டார்கள்.

கேட்கவேண்டுமென்றால் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில், பூரணையை ஒட்டிய காற்றில்லாத இரவில், கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போகவேண்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதோடு ஒட்டிப் பிடிப்பது பழைய முறை. நான் வாழ்க்கையில் நாலு தரம் போயிருக்கிறேன், ஒரு தரம்தான் கேட்டேன், அதுவும் நீங்கள் எதிர்பார்க்கிற பாட்டு இல்லை, தூரத்தில் யாரோ தம்புராவை விட்டுவிட்டு மீட்டுவது மாதிரி, தவளைச் சத்தமோ என்று நினைத்தால் அதுவும் இல்லை. மற்ற மூன்று தரத்தில் ஒரு தரம் படகுக்காரன் மெசினை நிற்பாட்டவே இல்லை. ‘மெசின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்?’ என்று கேட்டால், ‘மீனுக்கு உங்களைக் கேட்கும்தானே அண்ணே’ என்கிறான். ஆகவே ஏறுமுன்னே துடுப்புத் தோணியா என்று கேட்டுவிடுங்கள்.

ஊருக்குள் பல இடத்தில் பாதி பெண் பாதி மீனாகச் சிலைகளும் படங்களும் காண்பீர்கள். அவற்றைக் கீறவேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து, யாரும் கோபிக்கக்கூடாது.

கேள்வி: வணக்கம் சேர், நான் தோட்டத்துப் பிள்ளை, எங்கள் பக்கம் காமன் கூத்தைக் கீறிக் கீறியே ஒரு கொப்பி முடித்துவிட்டேன். மட்டக்களப்புக் கூத்தைக் கீற ஆசை. எங்கே, எப்போது போகவேண்டும்? கேட்டால் விடுவார்களா?
(ஒரு வாசகி, ஹட்டன்)

பதில்: பிள்ளை, உன் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தேன். காமன் கூத்தை ஒரு கொப்பி முழுக்கக் கீறியவளுக்கு நான் படிப்பிக்க அதிகம் இல்லை, விவரம் மட்டும் சொல்கிறேன்.

மேடையில் அரை மணித்தியாலம் சுருக்கிக் காட்டுகிற கூத்தை எப்போதும் பார்க்கலாம், கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே நடனம், இசை, நாடகம், சித்திரம் எல்லாம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நீ கேட்பது ஊர்க்கூத்து. அறுவடை முடிந்து கையில் நெல்லும் நேரமும் இருக்கிற காலத்தில், பெரும்பாலும் சித்திரைக்குப் பிறகு, வட்டக்களரி, அதாவது வட்டமான ஆடுகளம், போட்டு விடிய விடிய ஆடுவது. சீலாமுனை, வந்தாறுமூலை, கன்னன்குடா என்று கூத்துக்குப் பெயர் போன ஊர்கள் பல. வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடியில் பாரதப் போர், இராமாயணப் போர், உடுப்பும் கனம், இடுப்பைச் சுற்றிக் கூடை கவிழ்த்தமாதிரி கரப்புடுப்பு. தென்மோடியில் உடுப்பு இலேசு, தாளம் நுணுக்கம். எந்த வகை ஆனாலும் நடுவில் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லரி என்கிற தாளம், பிற்பாட்டுக்காரர்கள். ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவை ஆடிக்கொண்டே களரிக்குள் வரும். வித்தியானந்தன், மௌனகுரு போன்ற பேராசிரியர்கள் இதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ப் பேசவைத்தது பெரிய காரியம்தான், ஆனாலும் கூத்து உயிரோடு இருப்பது மாலையில் வயலால் வந்து கால் கழுவிவிட்டு ஆட்டம் பழகுகிற ஆட்களால்தான்.

நான் சொல்வதைக் கேட்டால், அரங்கேற்றத்துக்கு மட்டும் வராதே. அதற்கு மாதக்கணக்கில் முதலே பழக்கம் தொடங்கிவிடும். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துப் பாட்டை எழுதிக் கொடுப்பார். பிறகு பழக்கம், சதங்கை அணி விழா, அடுக்குப் பார்த்தல், எல்லாம் முடிந்துதான் அரங்கேற்றம். பழக்க இரவுகளில் சாரமும் பெனியனுமாக ஆடுவார்கள், கால் எப்படி விழுகிறது, முழங்கால் எங்கே மடிகிறது என்பது அப்போதுதான் தெரியும். உடுப்புக் கட்டிவிட்டால் கால் மறைந்துவிடும், கண்ணாடியும் மணியும் மின்னுவதைத்தான் கீறிக்கொண்டிருப்பாய்.

அரங்கேற்ற இரவில் ஒரு மூன்று மணிபோல எழும்பிக் களரிக்குப் பின்னால் போய்ப் பார். ஒருதரம் நான் அப்படிப் போனபோது துரியோதனன் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கரப்புடுப்போடு கதிரைக்குள் இறங்க முடியாது, ஆகவே விளிம்பில் பாதி இருப்பு, பாதி நிற்பு. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், நெற்றியில் அது அழுத்திய சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. முகப்பூச்சு கன்னத்தால் வியர்வையோடு இறங்க, மகன் பிளேன்ரீக் கோப்பையைப் பிடிக்க அவர் ஊதி ஊதிக் குடித்தார், பூச்சு கோப்பையில் பட்டுவிடக்கூடாதென்று உதட்டைக் குவித்துக்கொண்டு. வெளியே மத்தளம் அவருடைய தாளத்துக்கு மாறியதும், கோப்பையைக் கொடுத்தார், கிரீடத்தை வைத்தார், ராசா எழும்பிப் போனார். நான் அன்று கீறியது அந்த ஒரு படம்தான்.

விடுவார்களா என்று கேட்டாய். வெற்றிலை, பாக்கு கொண்டுபோய் அண்ணாவியாரிடம் கொடுத்துக் கேள். வெத்திலை வட்டா நீட்டாமல் எங்கள் பக்கம் ஒரு நல்ல காரியமும் தொடங்காது, நீ கொண்டுபோனால் அவர்களே பாயைப் போட்டு இருத்துவார்கள். கோயில் சடங்கு வேறு விசயம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்ததிலிருந்து அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி வரைக்கும் சடங்கு நடக்கும், அங்கே கொப்பியைப் பைக்குள் வைத்துவிடு, கும்பிட்டுவிட்டு வந்து வீட்டில் ஞாபகத்தில் கீறு.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் மட்டக்களப்பு முழுக்க ஓவியர்கள் நிற்கிற மாதிரி இருக்கு. நானும் சித்திரம் படித்து முடித்தவன்தான். இந்த ஊரில் ஒரு படத்தை வாங்க ஒரு ஆள் இருக்கா? மறுகா ஏன் சேர் இந்தக் கதை?
(ஒரு இளைஞர், மட்டக்களப்பு)

பதில்: நியாயமான கோபம், தம்பி. ஓவியர் பட்டினம் என்று நான் எழுதவில்லை, கீற நல்ல ஊர் என்றேன், இரண்டும் ஒன்றில்லை. படம் விற்கிற கலரிகள் வரிசையாக இருக்கிற ஊர் இது இல்லை. இங்கே ஒருவர் படம் வாங்குகிறார் என்றால் பெரும்பாலும் சாமிப்படம், அல்லது இறந்துபோன அப்பாவின் படத்தைப் பெருப்பித்துக் கீறித் தரச் சொல்லுவார். உங்களோடு படித்தவர்கள் கலியாண மேடை சோடிக்கிறார்கள், தேர் வர்ணம் பூசுகிறார்கள், பாடசாலை மதிலில் கீறுகிறார்கள், நியமனம் வருமென்று காத்திருக்கிறார்கள். இதை மறைத்து எழுதினால் நான் பொய்யன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெளியூரிலிருந்து கீற வருகிற இந்த மூன்று பேர், நாலு பேருக்கு வழிகாட்ட ஆள் இல்லை. எந்தத் துறையில் எத்தனை மணிக்கு வலை இறங்கும், எந்த ஊரில் கூத்துப் பழகுகிறார்கள், யாரிடம் கேட்கவேண்டும் என்பது ஓட்டோக்காரருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு ஒரு நாள் கூட நடந்து, அவர்களோடு இருந்து நீயும் கீறு. பிடித்தால் உன் படத்தை அவர்களே வாங்குவார்கள். பெரிய தீர்வு என்று சொல்லவில்லை, ஒரு மாத வாடகைக்கு உதவும்.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம், டிசம்பர் விடுமுறைதான் கிடைக்கும். சரிவருமா? சாப்பாடு எப்படி?
(ஒரு வாசகி, கனடா)

பதில்: டிசம்பர் எங்களுக்கு மாரி. ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்றும் மழையும், சில வருடம் வெள்ளமும். கீறிய படம் பின்னேரம் வரைக்கும் காயாது. ஆனி, ஆடியில் வந்தால் கச்சான் காற்று, மேற்கேயிருந்து அனலாக அடிக்கும், பிரஷை எடுக்குமுன்னே கடதாசியில் வர்ணம் காய்ந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை நல்லது. டிசம்பர்தான் என்றால் வாருங்கள், மழைக்குள் வாவி வேறு அழகு, பென்சில் மட்டும் கொண்டுவாருங்கள். கொழும்பிலிருந்து பகலில் உதயதேவி, இரவில் பாடுமீன் என்று ரயில் இருக்கிறது, 8, 9 மணித்தியாலம் பிடிக்கும். பிள்ளைகளுக்குப் பகல் ரயில்தான் நல்லது, யன்னலால் காடும் குளமும் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நண்டு, இறால், கணவாய், எருமைத்தயிர் சட்டியோடு. காத்தான்குடிப் பக்கம் போனால் வெறுங்கையோடு வரமாட்டீர்கள், இனிப்புப் பெட்டி கூட வரும். கூனி இறால் வறை எங்காவது வீட்டில் தந்தால் மறுக்கவேண்டாம், கடையில் அப்படி வராது.

டிசம்பர் 26 இங்கே நிற்பீர்களென்றால் ஒரு விசயம். கல்லடி, நாவலடி கடற்கரையில் அன்று சுனாமியில் போனவர்களுக்கு விளக்கு வைப்பார்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலில் 2004இல் அலை அடித்துச் சாய்ந்த கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த நாள் கீறுகிற நாள் இல்லை.

கேள்வி: மீன்பிடிக்கிறவர்களைக் கேட்காமல் கீறலாமா? போட்டோ எடுத்தால்தானே பிரச்சினை, கீறினால் என்ன?
(ஒரு வாசகர், வவுனியா)

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் முகத்துவாரத்தில், 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறதே, அந்தப் பக்கம், வலை பொத்துகிற ஒரு வயதானவரைத் தூரத்தில் இருந்து கீறிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் பேசாமல் இருந்தவர் எழும்பி வந்து கொப்பியைப் பார்த்தார். ‘மோனை, என்ர கையில விரல் எத்தினை?’ என்று கேட்டார். பார்த்தால் இடக்கையில் சுட்டுவிரல் பாதி இல்லை. நான் ஐந்து விரலும் முழுசாகக் கீறி வைத்திருக்கிறேன். ‘இந்த விரல் போன கதையைக் கேக்காம என்னத்தைக் கீறினாய்?’ என்றார். அன்றிலிருந்து பக்கத்தில் போய், கேட்டு, கதைத்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்கிறேன்.

கேள்வி: எல்லாம் மட்டக்களப்பையே எழுதுகிறீர்கள், அம்பாறைப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லையா?
(ஒரு வாசகர், கல்முனை)

பதில்: தெரியும் தம்பி, சண்டைக்கு வராதே. மருதமுனையில் கைத்தறி இருக்கிறது, தறியில் பா ஓடுகிற நிறங்களைப் பார்த்தால் வர்ணக் கலவைக்கு வேறு பாடம் தேவையில்லை, ஒரு சாரனும் வாங்கிக்கொண்டு வரலாம். காரைதீவு விபுலானந்தர் 1892இல் பிறந்த ஊர். 1947இல் மறைந்தவரின் சமாதி கல்லடி உப்போடையில், அவர் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தோடு இருக்கிறது, மலர் எது என்று கேட்கிற அவருடைய பாட்டைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஆள் உங்களுடையவர், சமாதி எங்களுடையது, கணக்குச் சரி. பொத்துவில், அறுகம்குடா எல்லாம் தனி இதழ் கேட்கும்.

கேள்வி: சேர், நீங்கள் கீறிய கல்லடிப் பாலத்துப் படம் வீட்டில் மாட்டியிருக்கிறீர்களா? ஒருதரம் இந்தப் பத்தியில் போடலாமே.
(ஒரு பழைய மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: மகள், யுத்த காலத்தில் பாலத்தைக் கீறுவது என்றால் என்னவென்று உனக்கு ஞாபகம் இருக்கும். பாலத்து முனையில் சென்றி, அதாவது இராணுவக் காவலரண். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாலம் அவ்வளவு வடிவாக இருந்தது, மழை பெய்து ஓய்ந்த வெளிச்சம், வாவிக்கரையில் ஒதுங்கி இருந்து கீறத் தொடங்கிவிட்டேன். சென்றியை மட்டும் கவனமாக விட்டுவிட்டேன், ஏன் வீண் வம்பு என்று. ஒரு பொடியன் துவக்கோடு இறங்கி வந்தான், இருபது வயதிருக்காது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடதாசியை வாங்கினான், படத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தான், பிறகு தான் நின்ற இடத்தை விரலால் தொட்டு, ‘மம கோ?’ என்றான். நான் எங்கே என்று கேட்கிறான்.

திரும்ப வாங்கி, மண்மூட்டையும் தகரக் கூரையும் கீறி, உள்ளே அவனையும் கீறினேன். அவன் அசையாமல் நின்றான். முடிந்ததும் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். ஆகவே படம் என்னிடம் இல்லை.